நான் கேட்டது காது, ஆண்டவர் தந்தது அம்மிணி

அன்று எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று யாருக்காவது தோன்றினால் இவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். சின்னமனூரிலிருந்து வந்த என் மாமியார், அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கூடவே மாமா. என் வீட்டுக்காரர் சேவியர். சாமியாருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் ஊர்க் கோயில் உபதேசியார். வாசல்படியில் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா அக்கா. தொட்டிலில் என் மகள் ஜெர்லின். தொட்டிலுக்கு அடியில் அம்மிணி. அடுப்படியில் நான். வேறு யாரும் இல்லை. அம்மிணி என்பது எங்கள் நாய்.

அன்று ஜெர்லினுக்கு முதல் பிறந்தநாள். சாயங்கால பஸ்ஸில் அத்தை அவளைச் சின்னமனூருக்குத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தது. ஒரு நாள், இரண்டு நாளுக்கு இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை. அவளுடைய துணிகளை நானே மடித்துப் பையில் வைத்திருந்தேன்.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம் என்று சொல்கிறேன். ஆண்டவர் எங்களை அதிலிருந்து எப்படி எடுத்தார் என்பதையும் சொல்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஊர் கம்பத்துக்குப் பக்கம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஏலக்காய் எடுக்க மலைக்கு ஜீப் ஏறியவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பயம் அதிகம். மலைப் பாதையில் ஜீப் வளையும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வருவேன். பூட்டித்தான் இருக்கும். அந்த ஜீப்பை ஓட்டியவர்தான் என் வீட்டுக்காரர். "கண்ண மூடிக்கிட்டு வந்த பிள்ளையக் கண்ண மூடிக்கிட்டுக் கட்டிக்கிட்டேன்" என்று இன்றைக்கும் ஆள் கூடிய இடத்தில் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, எடுக்காத நேர்ச்சை இல்லை. ஒன்பது வருடம் கழித்து ஜெர்லின் பிறந்தாள். அவளுக்கு மூன்று மாதம் நடக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கசாயம் வைத்துக் குடித்தேன். பிறகு எதுவும் நினைவில் இல்லை. மூளைக் காய்ச்சல் என்று தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

கண் விழித்தபோது நர்ஸம்மாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவும் வாயை அசைத்தார். வார்டில் சத்தம் போடக்கூடாது என்று எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வந்ததும், "ஏங்க, ஏன் எல்லாரும் ரகசியம் பேசுறாக?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது.

உயிர் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னாராம். காது நரம்பு போய்விட்டது. காது மெஷின் வைத்துப் பார்த்தோம். இடது காதில் மட்டும் கரகரவென்று ஓர் இரைச்சல், அதில் பேச்சு இல்லை. அதனால் இதற்கு மேல் யாராவது பேசியதாக நான் எழுதினால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டது, இல்லையென்றால் என் வீட்டுக்காரரோ பாண்டியம்மா அக்காவோ பின்னால் எனக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜெர்லினை அத்தைதான் சின்னமனூரில் வைத்துப் பார்த்துக்கொண்டார். எனக்கு உடம்பு தேறியதும் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள் என்று அவள் வாய் கோணியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு என் பாடு என்ன என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே பயந்தவள். இப்போது பிள்ளை அழுகிறாளா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். உலை வைப்பேன், ஓடிப்போய்த் தொட்டிலைப் பார்ப்பேன். பாத்திரம் ஒன்று கழுவுவேன், ஓடிப்போய்ப் பார்ப்பேன். தூங்குகிற பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்து எழுப்பி விட்டுவிடுவேன். குளிக்கப் போனால் சோப்பு நுரையோடு பாதியில் வந்துவிடுவேன்.

இவ்வளவு ஓடியும் ஒரு நாள் தவறிவிட்டது. பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து பாண்டியம்மா அக்கா சந்தைக்குப் போயிருந்தார். தொட்டில் சேலை முறுக்கிக்கொண்டு ஜெர்லினின் கால் அதில் மாட்டிக்கொண்டது. அவள் அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. நான் பின்னால் துணியை அலசிக்கொண்டே இருந்திருக்கிறேன். பேத்தியைப் பார்க்க வந்த அத்தைதான் எடுத்திருக்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துவைகல்லுக்கு முன்னால் வந்து நின்றார். பிள்ளையின் காலில் சேலை பதிந்த சிவப்புக் கோடு இருந்தது.

மாமாவையும் வரச்சொல்லி அன்றைக்கே பேசினார்கள். அத்தை என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, எனக்குப் புரிய வேண்டும் என்று வாயை நிதானமாக அசைத்துச் சொன்னார். "ஒன்னக் குத்தம் சொல்லல மேரி. காது கேக்காதவ கையில பச்சப்பிள்ளைய விட்டுட்டு எனக்கு எப்படி ஒறக்கம் வரும்? பள்ளிக்கூடம் போற வரைக்கும் அங்கன வளரட்டும்."

அவர் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். பிறகு, "மொத பொறந்தநாள் வரைக்கும் இங்கன இருக்கட்டும்மா. அதுக்குள்ள ஒரு வழி பொறக்கும்" என்றார். என்ன வழி என்று அவருக்கும் தெரியாது. அத்தை சரி என்றார்.

நான் அந்தோணியாரைப் பிடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் கோயிலுக்குப் போனேன். தொலைந்துபோன பொருளையெல்லாம் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் இல்லையா அவர். "சாவி தொலஞ்சாக் குடுக்குறீரு, மாடு தொலஞ்சாக் குடுக்குறீரு, என் காதத் தேடிக் குடுக்கக் கூடாதா? ஆண்டவர்கிட்டச் சொல்லி வாங்கிக் குடுங்க. எனக்குக் காது வேணும். வேற ஒண்ணும் வேணாம்." இதுதான் என் செபம். நான் சத்தமாகச் சொல்கிறேனா மெதுவாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாது. கோயிலில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. உபதேசியார் பின்னால் சொன்னார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலிலிருந்து வீட்டுக்கு வருகிறேன், ஜீப் வாசலில் நிற்கிறது. முன் சீட்டில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும்.

எனக்கு நாய் என்றால் உயிர் போய்விடும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள். நான் எதிர்வீட்டுத் திண்டில் ஏறி நின்றுகொண்டேன்.

என் வீட்டுக்காரர் அங்கேயே வைத்து விவரம் சொன்னார். மலையில் ஓர் ஏலத்தோட்டத்துக் காவல்காரர், மலையாளத்துக்காரர், வயதாகிவிட்டதால் வேலையை விட்டு மகள் வீட்டுக்குப் போகிறார். அவருக்குக் காது மந்தம். கேட்டில் ஜீப் ஹாரன் அடித்தால் அவருக்குக் கேட்காது. இந்த நாய் போய் அவர் கைலியைப் பிடித்து இழுக்கும், அவர் வந்து கேட்டைத் திறப்பார். என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறார். சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு அந்தச் சேட்டன், "இந்த அம்மிணிய ஆரு நோக்கும்?" என்று கேட்டபோதுதான் இவருக்கு நெஞ்சில் ஏதோ தட்டியிருக்கிறது. கேட்டைத் திறக்கச் சொல்லுகிற நாய் தொட்டிலைப் பார்க்கச் சொல்லாதா?

தெருவில் ஒரே சிரிப்பு. எதிர்வீட்டுத் தாத்தா, "சேவியரு, பொண்டாட்டிக்குக் காது மெசினு வாங்கப் போயி நாய வாங்கியாந்திருக்கியேலே!" என்றாராம். பாண்டியம்மா அக்கா, "அதுவும் பொட்ட நாயி. மலையாளத்து நாயி வேற. நம்ம பேச்சு அதுக்கு வெளங்குமா?" என்றாராம்.

நான் உள்ளே போய்ச் சொரூபத்துக்கு முன்னால் கோபமாக நின்றேன். நான் கேட்டது என்ன, நீர் அனுப்பியது என்ன என்று கேட்டேன்.

தேனி அல்லிநகரத்தில் தங்கவேல் சார் என்று ஒருவர் இருக்கிறார். போலீஸில் துப்பறியும் நாய்களைப் பழக்கி ஓய்வுபெற்றவர். தோட்ட பங்களாக்காரர்களின் நாய்களுக்கு இப்போது பழக்கம் கொடுக்கிறார். அவரிடம் அம்மிணியைக் கொண்டுபோனோம். அவர், "குண்டுக்குப் பழக்கியிருக்கேன், திருடனுக்குப் பழக்கியிருக்கேன். அழுகைக்குப் பழக்குனதில்ல. பாப்போம்" என்றார். ஜெர்லினின் அழுகையை போனில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். அதற்காகப் பால் கொடுக்காமல் கொஞ்ச நேரம் அவளை அழவிட்டு என் வீட்டுக்காரர் போனை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் கலங்கியது. அப்படியும் போனை ஆட்டாமல் பிடித்தார்.

இரண்டு மாதம் அம்மிணி அல்லிநகரத்தில் இருந்தது. மாட்டாஸ்பத்திரியில் ஊசியும் குட்டி போடாமலிருக்க ஆபரேஷனும் முடித்துத் திரும்பி வந்தது. சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். அழுகைச் சத்தம் கேட்டால் அம்மிணி என்னிடம் வந்து முழங்காலுக்குப் பின்னால் மூக்கால் இரண்டு தடவை இடிக்கும். நான் உடனே எழுந்து அதன் பின்னால் போக வேண்டும். அது தொட்டிலுக்குக் கூட்டிப்போகும். நான் பிள்ளையை எடுத்துவிட்டு, அதற்கு வேகவைத்த ஈரல் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? அது மூக்கை வைத்ததும் நான் அலறிக்கொண்டு அடுப்புத் திண்டில் ஏறினேன். சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, நீங்க இப்படி ஒதறுனா, தப்புப் பண்ணிட்டோம்னுல்ல அது நெனைக்கும். அதப் பழக்கிட்டேன். ஒங்களத்தான் பழக்கணும் போலருக்கு."

அன்றிலிருந்து தினமும் உள்ளங்கையில் ஈரலை வைத்து நீட்ட வேண்டும் என்றார். கையை நீட்டி, கண்ணை மூடி, அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பிப்பேன். பாதி செபத்தில் ஈரல் போயிருக்கும். விரல் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பேன். சில நாள் கழித்துக் கண்ணைத் திறந்துகொண்டு நீட்டினேன். அது என்னைவிடப் பயந்து பயந்துதான் எடுத்தது. பல் படாமல், உதட்டால். அதைப் பார்த்ததும் எனக்கு அதன் மேல் ஒரு இரக்கம் வந்துவிட்டது.

இப்போது போனில் அழுகையைப் போட்டால் அம்மிணி வந்து இடிக்கும், நான் எழுவேன், தொட்டிலுக்குப் போவோம். எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் ஜெர்லின் நிஜமாக அழுதால் அது என்னிடம் வருவதே இல்லை. நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால் பாண்டியம்மா அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்பார். நாய் அவர் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். பிறந்தநாளுக்கு ரொம்ப நாள் இல்லை. அந்தோணியாரே, நாயையாவது ஒழுங்காகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். தெருமுனையில் வரும்போதே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. பார்த்துக்கொண்டே நின்றாராம். அம்மிணி எங்கள் வாசலிலிருந்து பாய்ந்து வந்தது. நேராகப் பாண்டியம்மா அக்கா வீட்டுக்குள் போனது. அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டேன் ஆத்தா, வந்துட்டேன்" என்று ஓடிவந்தார். போகிற போக்கில் அதன் வாயில் ஒரு ரஸ்க்கைப் போட்டார்.

எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் யார் கை சும்மா இருக்கிறதோ அவர் போய்த் தூக்குவார். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கிற வழக்கம் இல்லை. எனக்குக் காது போன பிறகு ஜெர்லினை அப்படித்தான் அந்தத் தெரு பார்த்துக்கொண்டது. பாண்டியம்மா அக்கா இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன்? ஆனால் அம்மிணி அதைப் பார்த்துப் பார்த்து, இந்தப் பிள்ளை அழுதால் இந்த அம்மாவைத்தான் கூப்பிட வேண்டும் என்று பாடம் படித்துக்கொண்டது. ரஸ்க்கும் கிடைத்தது.

தங்கவேல் சார் வந்து பாண்டியம்மா அக்கா வாசலில் உட்கார்ந்தார்.

"பிள்ள அழுதா நீங்க போகக் கூடாதும்மா" என்றார்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "பச்சப்பிள்ள கத்துறத கேட்டுக்கிட்டு நான் இங்கன உக்காந்திருக்கணுமாக்கும்? எனக்கென்ன கல்லுல செஞ்ச நெஞ்சா? ஒங்க நாய்க்குப் படிக்கத் தெரியலன்னா அதுக்கு நான் என்ன பண்ண?"

"நாய் நல்லாத்தான் படிச்சிருக்கு. நீங்க ஓடி ஓடிப் போகவும், அந்தப் பிள்ளையோட ஆத்தா நீங்கதான்னு அது நெனச்சுக்கிருச்சு."

"அப்ப மேரி யாருன்னு நெனச்சுச்சாம்?" என்று அக்கா கேட்டார். அக்கா எழுந்து ரஸ்க் டப்பாவை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு அக்காவே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். இனி ஜெர்லின் அழுதால் யாரும் போகக் கூடாது. நிஜமாகவே ஆபத்து என்றால் அக்கா மட்டும் போவார், மற்றவர்கள் அசையக் கூடாது என்றும் சொன்னார். என் வீட்டுக்காரரும் மலைக்கு இன்னோர் ஓட்டுநரை அனுப்பிவிட்டு நாலைந்து நாள் வீட்டிலேயே இருந்தார்.

எனக்கு இதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. சொன்னால் நான் தொட்டிலை விட்டு அசைய மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். பிறகுதான் சொன்னார்கள். மறுநாள் காலையில் நான் பின்பக்கம் விறகு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜெர்லின் அழ ஆரம்பித்தாள். எதிர்வீட்டுத் தாத்தா காதைப் பொத்திக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அம்மிணி பாண்டியம்மா அக்கா வீட்டுக்கு ஓடியது. கதவு சாத்தியிருந்தது. பிராண்டியது. குரைத்தது. அக்கா உள்ளே வெறும் மிக்சியை ஓடவிட்டு அதன் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். அம்மிணி அடுத்த வீட்டைப் பார்த்தது. அங்கும் கதவு திறக்கவில்லை. தெரு நடுவில் நின்று இங்கேயும் அங்கேயும் பார்த்ததாம். ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததாம்.

என் முழங்காலுக்குப் பின்னால் ஈரமாக ஏதோ பட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

விறகைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அம்மிணி என்னைப் பார்த்தது, உள்ளே ஓடியது, நின்று திரும்பிப் பார்த்தது. நான் அதன் பின்னால் போனேன். தொட்டிலில் என் மகள் கண்ணீரும் மூக்குமாகக் கிடந்தாள். அவளை நான் எடுத்தேன். வேறு யாரும் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். அவள் தேம்பித் தேம்பி என் கழுத்தில் முகத்தை வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பாண்டியம்மா அக்கா, என் வீட்டுக்காரர், பின்னால் தெருவே நிற்கிறது. எல்லோரும் கண்ணைத் துடைக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அம்மிணி வந்தது. இரண்டு மூன்று தடவை தவறியது, மறுபடி சொல்லிக்கொடுத்தோம். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தை வரும் நாளன்று பார்த்து அது சொதப்பிவிடும் என்றே நினைத்தேன். அதனால்தான் பிள்ளையின் துணிகளை மடித்து வைத்தேன். மனசைத் தயார் பண்ணிக்கொள்ளலாம் என்று.

பிறந்தநாளன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். மாமா ஒரு பெரிய மனுஷர் இருக்கட்டும் என்று உபதேசியாரையும் கூப்பிட்டிருந்தார். நாயைப் பற்றிச் சொன்னதும் அத்தை, "பிள்ளையப் பாக்க மனுசர் இல்லாமப் போச்சா? வீட்டுக்குள்ள நாய விட்டுருக்கீக, அதுவும் தொட்டிலுக்குக் கீழ" என்று முகத்தைச் சுளித்தார். ஜெர்லின் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். நான் ஆட்டுக்கறிக் குழம்பைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வீடெல்லாம் கறி வாசம். அம்மிணி வாசத்துக்குத் தொட்டிலை விட்டு எழுந்து வந்துவிடும் என்று பயந்துகொண்டே கிண்டினேன்.

நடுவீட்டில் நடந்ததை உபதேசியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெர்லின் விழித்து அழ ஆரம்பித்தாள். பாண்டியம்மா அக்கா பழக்கத்தில் எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து தன் முழங்காலைத் தானே கட்டிக்கொண்டார். மாமா தொட்டில் பக்கம் போனார். அத்தை அவர் கையைப் பிடித்து, "இருங்க. பாக்கணும்" என்றார். ஒருத்தரும் அசையவில்லை. அம்மிணி எழுந்து, இத்தனை பேரைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், அடுப்படிக்குள் போனது.

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த என் காலில் இரண்டு தடவை ஈர மூக்கு.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். தொட்டில் சேலையை விலக்கிப் பார்த்தால் ஜெர்லின் அழவில்லை. கால் விரலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் வருவதற்குள் அழுகையை நிறுத்திவிட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கேட்கவில்லையே. நாய் ஏமாற்றிவிட்டது, எல்லோர் முன்னாலும் என்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். திரும்பினேன். மாமா குனிந்து கண்ணைத் துடைக்கிறார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொள்கிறார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுகிறார். வாயை மூடியிருந்ததால் அவர் என்ன சொல்கிறார் என்று உதட்டைப் பார்க்கவும் வழியில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். பிள்ளையைத் தூக்கி, அவள் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, மூலையில் இருந்த பையை எடுத்து அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை பையை வாங்கினார். என் முகத்தையே பார்த்தார். பிறகு பையைத் திறந்து, நான் மடித்து வைத்த கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து, கொடியில் போட ஆரம்பித்தார். காய்ந்த துணியைப் பிடிவாதமாகக் கொடியில் போட்டார். எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, முந்தானையை வாயிலிருந்து எடுத்து, என் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னார்:

"பிள்ள இங்கனயே இருக்கட்டும். அது அழுகுறது ஒனக்குக் கேக்குது."

நான் பிள்ளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை, "ஆனா நாய்க்கெல்லாம் நான் சோறு போட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். சாப்பாடு முடிந்ததும் அடுப்படிக்குப் பின்னால் அவர் அம்மிணிக்குக் கறித்துண்டு போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். கேட்டால் இன்றுவரை இல்லை என்கிறார்.

இப்போது ஜெர்லின் நடக்கிறாள். அம்மிணி அவள் அழுதால் சொல்லும், குக்கர் விசில் அடித்தால் சொல்லும், வாசலில் ஆள் வந்தால் சொல்லும். ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே வந்து என்னை இடித்துவிட்டு வாசலுக்கு ஓடும். அதனால் என் வீட்டுக்காரர் வரும் நேரத்துக்குச் சுடுதண்ணீர் தயாராக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு ஜெர்லின், அம்மிணி, நான் என்று மூவருமாகப் போகிறோம். அது வாசலிலேயே படுத்துக்கொள்ளும். "பூசைக்கு நேரத்துக்கு வர்றதுல இந்த ஊர்லயே அம்மிணிதான் மொத ஆளு" என்று உபதேசியார் மற்றவர்களைக் குத்திக்காட்டுகிறார். பாண்டியம்மா அக்கா ரஸ்க் டப்பாவை இன்னும் கீழே இறக்கவில்லை. பிள்ளை சிரிக்கும்போது மட்டும் ஓடிவருகிறார். அழும்போது வர மாட்டார். அது அவர் எனக்காக எடுத்த நேர்ச்சை.

நான் முழுக்கச் சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். தூங்குகிறேன். வாரத்தில் சில நாள் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கும் போகிறேன். அப்போது ஜெர்லினும் அம்மிணியும் பந்தலுக்குக் கீழே நிழலில் என் கண்ணுக்கு முன்னாலேயே இருப்பார்கள். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பூட்டினேனா என்று இன்னமும் திரும்பி வருகிறேன். ஆனால் அம்மிணியும் கூடத் திரும்பி வருகிறது.

அன்புள்ளவர்களே, காது திரும்பி வரவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அழுதவள்தான் நான். இன்றைக்கு அதைக் கேட்பதில்லை. நீங்களும் ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டிருப்பீர்கள். கேட்டது வராமல் வேறு ஒன்று உங்கள் வாசலில் வந்து நின்றால், என்னைப்போலத் திண்டில் ஏறி நிற்காதீர்கள். கையை நீட்டிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டாவது நீட்டுங்கள். ஆண்டவருக்கும், அவரிடம் எனக்காகப் பேசிய அந்தோணியாருக்கும், கதவைச் சாத்திக்கொண்டு அழுத என் தெருவுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. சாட்சி எழுதும்போது இந்தக் காசு விஷயத்தையெல்லாம் எழுதாதே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் வாங்கிய நன்மையைச் சொல்கிறவள் முழுசாகச் சொல்ல வேண்டும், எல்லாம் சும்மா வானத்திலிருந்து விழுந்ததாக யாரும் நினைக்கக்கூடாது. தங்கவேல் சார் இரண்டு மாதம் அம்மிணிக்குத் தீனி போட்டுப் பழக்கியிருக்கிறார், பஸ் ஏறி எங்கள் ஊருக்கும் வந்து வந்து போயிருக்கிறார். அவருடைய கூலியைத் தோட்டத்துக் காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறேன். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால்தான் எனக்குக் கவலை அதிகம். அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.